வைன் போத்தல் காயப்போடும் ஸ்டாண்டு: எது கெட்டால் எங்கே பார்ப்பது

நாமே மரத்தில் அடித்துக்கொண்ட ஸ்டாண்டைப் பற்றித்தான் பேச்சு. நடுவில் ஒரு தண்டு, நாலு பக்கமும் மேல்நோக்கிச் சாய்ந்த முளைகள், ஒவ்வொரு முளையிலும் ஒரு போத்தல் தலைகீழாக. பிரான்சில் இதை முள்ளெலி என்பார்கள், ஏன் என்று பார்த்தாலே தெரியும். மார்செல் டுஷாம்ப் 1914-இல் பாரிசில் ஒரு இரும்பு ஸ்டாண்டைக் கடையில் வாங்கி அப்படியே கலை என்று சொல்லிவிட்டார், ஆனால் அவர் ஊரில் இல்லாதபோது அவர் தங்கை அதைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டார். எங்கள் வீட்டிலும் என் முதல் ஸ்டாண்டுக்கு அந்தக் கதிதான், அதற்காக என் மனைவியைக் குறை சொல்ல முடியாது, அது உண்மையிலேயே குப்பைதான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம், ஒன்பதாவது மாடி. மாமியார் பாலிக் பூலாவில் விளையும் ஜாதிக்காயை வாங்கிப் பாகு காய்ச்சுவார். ஊற்றி வைக்கப் போத்தல் வேண்டும். ஜார்ஜ்டவுனில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் காலி வைன் போத்தல்களைப் பெட்டியோடு கொடுக்கிறார். ஒரே நேரத்தில் நாற்பது போத்தல் கழுவினால் அதை எங்கே காயப்போடுவது? அப்படி ஆரம்பித்தது இது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவது ஸ்டாண்டு.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே சொல்வது புரியாது. தண்டு 45 மில்லிமீட்டர் சதுரம், உயரம் 120 சென்டிமீட்டர். முளை 12 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பு, தண்டுக்குள் 30 மில்லிமீட்டர், வெளியே 18 சென்டிமீட்டர், 45 டிகிரிச் சாய்வு. சாதாரண 750 மில்லி வைன் போத்தலின் வாய் உள்ளளவு கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர், அதனால் 12 நுழைந்தும் சுற்றிக் காற்றுப் போக இடம் இருக்கும். வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று மின்கம்பி இழுக்கும் 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை வெட்டி முளையாக வைக்கப் பார்க்காதீர்கள். அது வாய்க்குள்ளேயே போகாது. நான் பதினாறு துண்டு வெட்டி முடித்த பிறகுதான் ஒரு போத்தலை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

மறுநாளும் உள்ளே ஈரம் நிற்கிறது

இந்தக் கோளாறைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். எல்லாரும் முதலில் செய்வதும் ஒன்றுதான்: ஸ்டாண்டை வெயிலுக்கு நகர்த்துவது. வெயில் இரண்டாவது. முதலில் போத்தலின் வாயைப் பாருங்கள்.

முளை சாய்வாக இருப்பதால் போத்தல் தன் கனத்தில் சறுக்கி இறங்கி, வாய் நேராகப் போய்த் தண்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்போது உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளியே வர வழியில்லை. என் முதல் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு போத்தலும் இப்படித்தான் தண்டை முத்தமிட்டுக்கொண்டு இருந்தன, மூன்று நாள் ஆனாலும் தோள் பக்கத்தில் துளித்துளியாக நீர். சோதிப்பது சுலபம். போத்தல் மாட்டியிருக்கும்போதே வாய்க்கும் தண்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

இதற்கு நான் கண்ட தீர்வு சாத்தே குச்சி, அதாவது இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி. வேடிக்கை இல்லை. தண்டிலிருந்து 30 மில்லிமீட்டர் தள்ளி, முளையில் குறுக்கே 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், அதில் சாத்தே குச்சித் துண்டைச் செருகி இரண்டு பக்கமும் 8 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிவிடுங்கள். முளை 12, இரு பக்கமும் 8, மொத்தம் 28 மில்லிமீட்டர். வாயின் உள்ளளவு 18.5 என்பதால் போத்தல் அதைத் தாண்டி இறங்காது, குச்சியின் இரண்டு முனை மேல் மட்டும் விளிம்பு உட்காரும், மற்ற இடமெல்லாம் திறந்தே இருக்கும். குச்சி கறுத்துப் போனால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு செருகலாம், ஒரு கட்டு வாங்கினால் வருடக்கணக்கில் வரும். நிரந்தரமாக வேண்டும் என்றால் துருப்பிடிக்காத ஆணி. நான் இன்னும் குச்சியிலேயே இருக்கிறேன், மாமியாருக்குக் குச்சி எதற்கு என்று புரியாமல் "சாத்தே எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டதோடு சரி.

வாய் திறந்திருந்தும் காயவில்லையா? அப்போது நேரத்தைப் பாருங்கள். நம்ம ஊரில் ராத்திரியில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும், அதிலும் செப்டம்பர், அக்டோபர் மழையில் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் கழுவிக் காலையில் எடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது, நீர் வடியும், அவ்வளவுதான். வடிவது வேறு, காய்வது வேறு. ஸ்டாண்டு வடிக்கும், காயவைப்பது காற்று. காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கழுவி, மத்தியானம் காற்று கொஞ்சம் வறளும் நேரத்தைப் போத்தலுக்குக் கொடுங்கள். மேசை விசிறியைத் தரையில் வைத்து முகத்தை மேலே திருப்பிவிட்டால் எனக்கு மூன்று நாலு மணி நேரத்தில் வேலை முடிகிறது.

கடைசி அலசலை வெந்நீரில் செய்வதும் பெரிய உதவி. கண்ணாடி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே ஒட்டிய ஈரத்தைத் தானே விரட்டும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்காத அளவு போதும், முதல் கழுவலும் வெதுவெதுப்பில் இருக்கட்டும். குளிர்ந்த போத்தலில் கொதிநீர் ஊற்றினால் அடிப்பக்கம் வட்டமாகக் கழன்று கையோடு வரும்.

இன்னும் ஒன்று. ஒரே சூட்டில் ஈரக்காற்று வறண்ட காற்றைவிட லேசானது. தலைகீழாக நிற்கும் போத்தலில் அது மேலே ஏறி அடிப்பக்கத்திலேயே தங்கப் பார்க்கும். அதனால் இரண்டு மணி நேரம் நன்றாக வடிந்த பிறகும் மங்கலாகவே தெரிந்தால், போத்தலை நிமிர்த்தி, வாயில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி விசிறி முன்னால் வையுங்கள். ஆனால் வடியாமல் நிமிர்த்தக் கூடாது. வைன் போத்தலின் அடி உள்ளே குழிந்து மேடாக இருக்கும், அந்த மேட்டைச் சுற்றி மோதிரம் மாதிரி நீர் தேங்கிவிட்டால் நாள் கணக்கில் நிற்கும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒருவர் சொன்னார், மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார், உள்ளே மூடுபனி படிந்தால் ஈரம் இருக்கிறது என்று. குளிர் நாட்டுக்கு அது சரியாக வரலாம். இங்கே முழுக்கக் காய்ந்த போத்தலும் பனி பூக்கும், ஏனென்றால் உள்ளே அடைபட்டதே நம்ம ஊர்க் காற்று. சாத்தே குச்சியில் மெல்லிய தாளைச் சுற்றித் தோள் பக்கம் தொட்டு எடுத்துப் பாருங்கள், அது போதும்.

போத்தலில் ஈரத்துணி வாடை, மரத்தில் கறுப்புப் புள்ளி

இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். முளைகளைக் கழற்றி மோந்து பாருங்கள், தண்டுக்குள் இருந்த முனையில்தான் வாடை அடிக்கும்.

45 டிகிரிச் சாய்வில் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது. வாயிலிருந்து வடியும் நீர் முளையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி, முளையும் தண்டும் சேரும் துளைக்குள் நேராக இறங்கும். நாமே புனல் வைத்து ஊற்றின மாதிரி. மேலே சொன்ன குறுக்குக் குச்சி இதில் பாதியைச் சொட்டாக்கிக் கீழே விழ வைத்துவிடும். மீதிக்கு, குச்சிக்கும் தண்டுக்கும் இடையில் ஒரு ரப்பர் பேண்டை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றுங்கள், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு வருவதே போதும். ஓடி வரும் நீர் அந்த மேட்டில் தடுக்கிச் சொட்டிவிடும். ரப்பர் சில மாதத்தில் பிசுபிசுக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

மரம் எது என்பதும் முக்கியம். இங்கே மலிவாகக் கையில் கிடைப்பது ரப்பர் மரம். பால் குறைந்து, இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டும் மரம்தான் மேசை, நாற்காலி என்று வருகிறது. என் தாத்தா பால் வெட்டிய மரத்தில் நான் போத்தல் காயப்போடுகிறேன் என்று நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், பூஞ்சைக்கும் வண்டுக்கும் அது விருந்து. வீட்டுக்குள் நாற்காலியாக இருக்கும் வரை கவலையில்லை, தினமும் நனையும் வேலைக்கு அது ஆகாது. ரப்பர் மரம்தான் இருக்கிறது என்றால் தண்டுக்கு வார்னிஷ் மூன்று கோட்டு, வெட்டிய முனைகளுக்கும் துளைகளுக்குள்ளும் கூட ஒரு கோட்டு. ஆளி எண்ணெய் தேய்த்தால் மரம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காற்றோட்டம் இல்லாத மூலையில் அந்த எண்ணெயின் மேலேயே பூஞ்சை வரும், எனக்கு வந்தது. மரப்பட்டறையில் செங்கால் மரத்துண்டு மிச்சம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். படகு கட்டும் மரம், துளை போடக் கை நோகும், ஆனால் அழுகாது.

புள்ளியைப் பார்த்ததும் பிளீச் ஊற்றத் தோன்றும். தயவுசெய்து மரத்தில் மட்டும் அது வேண்டாம். மரமும் பூஞ்சையும் குளோரினும் சேரும் இடத்தில் டிசிஏ என்று ஒரு பொருள் உண்டாகலாம், கெட்டுப்போன தக்கையால் வைன் நாறுகிறது என்கிறார்களே, அதே வாடை. ஒரு லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், போத்தலுக்கு ஏறிவிட்டால் பாகுக்கும் ஏறும். வினிகர் தடவித் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, உப்புத்தாள் போட்டு, மறுபடி வார்னிஷ். ஆழமாகக் கறுத்த முளையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், புதுசு வெட்டுங்கள்.

முளை ஆடுகிறது, கையோடு கழன்று வருகிறது

மேலே சொன்ன அதே நீர்தான் இங்கேயும் குற்றவாளி. நனையும்போது மரம் உப்பும், காயும்போது சுருங்கும், பத்துத் தடவை இப்படி ஆனால் எந்த இறுக்கமும் தளரும். அதோடு நீங்கள் போட்டது பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசையாக இருந்தால், அது தண்ணீரில் பால் மாதிரி கரைந்து வெளியே வரும். தண்ணீர் தாங்கும் மரப்பசை என்று கேட்டு வாங்குங்கள்.

துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் முளை முனையில் பருத்தி நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் பசையில் தோய்த்து அடிக்கலாம். அது காய்ந்த பிறகு தண்டின் பக்கவாட்டிலிருந்து முளையைக் குத்திக்கொண்டு போகும்படி ஒரு 3 மில்லிமீட்டர் துளை, அதிலும் சாத்தே குச்சி. இதற்கப்புறம் பசை விட்டாலும் முளை விடாது.

துளையே கோணலாகப் போயிருந்தால் கதை வேறு. 45 டிகிரியில் டிரில்லை நேரடியாக வைத்தால் முனை மரத்தில் சறுக்கும், துளை முட்டை வடிவமாகும். முதலில் நேராக நாலைந்து மில்லிமீட்டர் குழி எடுத்து, அப்புறம் டிரில்லைச் சாய்க்க வேண்டும். அதைவிட நல்லது, ஒரு கட்டையில் 45 டிகிரித் துளை போட்டு அதையே வழிகாட்டியாகத் தண்டில் வைத்துப் பிடித்துத் துளைப்பது.

தண்டு நீளவாக்கில் விரிசல் விட்டதா? நாலு பக்கத்துத் துளைகளும் ஒரே உயரத்தில் சந்தித்திருக்கும். பக்கத்துக்குப் பக்கம் 30 மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிப் போடுங்கள். விரிந்த தண்டைச் சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் நாற்பது போத்தலை அதில் நம்பி மாட்ட எனக்கு மனசு வராது.

ஸ்டாண்டு சாய்கிறது

காலிப் போத்தல் ஒன்று சுமார் அரைக் கிலோ. ஒரு பக்கம் பத்துப் போத்தல் மாட்டினால் ஐந்து கிலோ, தண்டிலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வெளியே தொங்கும். அடிப்பலகை 30 சென்டிமீட்டர் சதுரம் என்றால் தண்டிலிருந்து அதன் விளிம்பும் 15 தான். கனம் சரியாக விளிம்பின் மேல், தொட்டால் விழும். என்னுடையது அப்படித்தான் விழுந்தது, பதினோரு போத்தல், அதிகாலை, பூனை. 50 சென்டிமீட்டர் பலகை போட்டால் இந்தப் பேச்சே இல்லை.

பலகையை மாற்ற முடியாதென்றால் கனம் ஏற்றுங்கள். எனக்கு இது தானாக நடந்தது. தம்பிக்குப் போன் போட்டு, வரும் வழியில் பட்டறையில் செங்கால் துண்டு இருந்தால் வாங்கிவா என்றேன். லோரி சத்தத்தில் அவன் காதில் என்ன விழுந்ததோ, லிஃப்டில் ஆறு செங்கலைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறான். "அண்ணே, நீங்கதானே கேட்டீங்க?" ஆறும் இன்றைக்கு அடிப்பலகையின் நாலு மூலையிலும் தண்டின் காலடியிலும் இருக்கின்றன. ஒரு இம்மி கூட ஸ்டாண்டு அசைவதில்லை.

மாட்டும் வரிசையும் பாருங்கள். கீழ் வரிசையிலிருந்து மேலே, ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. எடுக்கும்போது மேலிருந்து. ரசமட்டம் வைத்துத் தரையையும் ஒரு தடவை பாருங்கள், பால்கனித் தரை எப்போதும் தண்ணீர் ஓடத் துவாரத்தின் பக்கம் சரிந்தே இருக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஸ்டாண்டை வைக்கவே கூடாது. கீழே ஆள் நடமாடும் இடம்.

உள்ளே வெள்ளைப் படலம்

எல்லாரும் தண்ணீரில் உப்பு என்பார்கள். பினாங்குக் குழாய் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்று நீர், சுண்ணாம்பு குறைவு. அதனால் இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது சரியாக அலசாத சவர்க்காரத்தை. கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடி குலுக்குங்கள், நுரை வந்தால் சவர்க்காரம்தான். நுரை இல்லை, ஆனால் வினிகர் விட்டு அரைமணி வைத்தால் போகிறது என்றால் உப்புப் படிவு. இரண்டுக்கும் அசையாமல், காய்ந்தால் தெரிந்து நனைந்தால் மறைகிறது என்றால் கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது, அது எதற்கும் போகாது, அந்தப் போத்தலில் பூ வையுங்கள்.

வாய் விளிம்பு உடைந்திருக்கிறது

மரமுளையில் இது அநேகமாக நடக்காது. கீழ் இரண்டு வரிசைக்கு மட்டும் ஆசைப்பட்டு 8 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத கம்பி போட்டேன், குறுக்குக் கம்பியைப் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பூஞ்சை இல்லை, வாடை இல்லை, ஆனால் அவசரத்தில் மாட்டும்போது விளிம்பு கம்பியில் இடித்து அரிசி முனை அளவு சில்லு போகும். குறுக்குக் கம்பியின் இரண்டு முனைக்கும் சிலிக்கோன் குழாய்த் துண்டு மாட்டியதும் நின்றது. முளை முழுக்க அந்தக் குழாயை மாட்டிவிடாதீர்கள், தடிமன் ஏறி வாய் மறுபடி அடைபடும், முதல் கோளாறுக்கே திரும்பிப் போவீர்கள். சில்லு போன போத்தலில் குடிக்கும் எதையும் ஊற்ற வேண்டாம், அந்தச் சில்லு வெளியேதான் விழுந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

எறும்பு, கொசு

எறும்பு வந்தால் போத்தல் சரியாகக் கழுவப்படவில்லை, வேறு காரணம் தேட வேண்டாம்.

கொசுதான் நிஜமான தொல்லை. சொட்டும் நீர் தரையைக் கெடுக்கிறது என்று அடியில் தட்டு வைப்போம், வைத்துவிட்டு மறந்தும் போவோம். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு வாரம் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கிடைத்தால் அபராதம் போடுவார்கள், சுகாதார அதிகாரிகள் மாடி ஏறி வந்து பூந்தொட்டித் தட்டை எல்லாம் கவிழ்த்துப் பார்ப்பதை இங்கே எல்லாரும் பார்த்திருப்போம். தட்டில் துளை போட்டுத் துவாரத்தின் பக்கம் சாய்த்து வையுங்கள், அல்லது தட்டே வேண்டாம். அதோடு தலைகீழ்ப் போத்தலின் அடிக்குழி இப்போது வாய் மேல்நோக்கி இருக்கும் கிண்ணம். பால்கனியில் மழைச்சாரல் அடித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு நீர் நிற்கும். வாரக் கடைசியில் கழுவி அடுத்த வாரக் கடைசி வரை ஸ்டாண்டிலேயே விட்டுவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போத்தலை நிமிர்த்தும்போது அந்த நீர் சட்டையில் கொட்டுவது தனி.

போத்தல் ஒன்றோடொன்று இடிக்கிறது

போர்டோ வகை, அதாவது நேரான தோள் உள்ளது, சுமார் 75 மில்லிமீட்டர் அகலம். பர்கண்டி வகை சரிந்த தோளோடு இன்னும் தொப்பை போட்டிருக்கும், நுரைக்கும் வைன் போத்தல் 88 வரை போகும், கனமும் 800 கிராமுக்கு மேல். முளைக்குச் செங்குத்தாக அளந்து 80 மில்லிமீட்டர் இடைவெளியில் முளை வைத்தால் முதல் வகை மட்டும் நிற்கும். 100 வையுங்கள், 45 டிகிரிச் சாய்வில் தண்டின் மேல் அளந்தால் அது 141 வரும். ஏற்கெனவே நெருக்கி அடித்துவிட்டீர்கள் என்றால் தொப்பைப் போத்தலுக்கு ஒரு முளை விட்டு ஒரு முளை, அதுவும் கீழ் வரிசையில் மட்டும். என்னுடையதில் கீழ் வரிசை நுரை வைனுக்கு என்று சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன், மாமியார் அதில் கரண்டிகளைக் காயப்போடுகிறார்.